கிரனாடாவில் ஒரு செமஸ்டர்: பதினைந்து வாரத்தைக் கரையவிடாமல் இருக்க

தெற்கு ஸ்பெயினில், சியெரா நெவாடா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கிரனாடா. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1531இல் தொடங்கியது. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டு மாணவர்களை அதிகம் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. உங்கள் கல்லூரிக்கு அதனோடு பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், படிப்புக் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டு ஒரு செமஸ்டரை அங்கே படித்து வரலாம்.

செமஸ்டர் என்றால் ஐந்து மாதம் என்று தோன்றும். ஆனால் வகுப்பு நடப்பது ஏறக்குறைய பதினைந்து வாரம்தான். வீடு கிடைக்காமல் இரண்டு வாரம், பாடப் பதிவு முடியாமல் இரண்டு வாரம், பேச்சு காதில் ஏறாமல் மூன்று வாரம் என்று போனால் பாதி செமஸ்டர் காலி. இப்படித் தொலையும் வாரங்கள் எல்லாமே முன்கூட்டியே யோசித்தால் மிச்சம் பிடிக்கக்கூடியவை.

முதலில் நாள்காட்டி. முதல் செமஸ்டர் செப்டம்பரில் தொடங்கும். கிறிஸ்துமஸ் நேரத்தில் வகுப்புகள் முடிந்துவிடும், தேர்வு ஜனவரியில்தான் நடக்கும். டிசம்பர் 20க்கு ரிட்டர்ன் டிக்கெட் போடுவது பலரும் செய்கிற தவறு. விடுமுறை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நீளும். அதன் பிறகே தேர்வு அறைகள் திறக்கும். அதில் கோட்டை விட்டால் 'எக்ஸ்த்ராஒர்தினாரியா' என்ற மறுதேர்வு பிப்ரவரியில் உண்டு. நம் கல்லூரிகளில் அதற்குள் அடுத்த செமஸ்டர் ஓடத் தொடங்கியிருக்கும். ஆகவே தாமதமாக வந்து சேர அனுமதிக் கடிதத்தை ஹெச்.ஓ.டி.யிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டாம் செமஸ்டர் பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் தேர்வோடு முடியும். இடையில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் முழுக்க விடுமுறை. நம் ஊர்க் கல்லூரிகளின் கால அட்டவணையோடு குறைவாக மோதுவது இந்த இரண்டாவதுதான் என்பது என் கருத்து.

விசாவும் இந்த நாள்காட்டியோடு பிணைந்தது. 90 நாளுக்கு மேல் தங்கிப் படிக்க தேசிய மாணவர் விசா வேண்டும்; ஷெங்கன் சுற்றுலா விசா உதவாது. மொத்தத் தங்கல் 180 நாளுக்குள் இருந்தால் விசா ஒன்றே போதும். தாண்டினால் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் மருத்துவச் சான்றும் கூடுதலாகக் கேட்பார்கள். போலீஸ் சான்றுக்கு, அது வெளிநாட்டில் செல்லும் என்று உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரை, ஸ்பானிய மொழிபெயர்ப்பு என்று வேலை நீளும். அங்கே போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 'சீத்தா பிரேவியா' என்ற முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு செமஸ்டர் மட்டும் என்றால் 180 நாளுக்குள் அடக்கிவிடுவதே புத்திசாலித்தனம். செப்டம்பர் 1 அன்று நுழைந்தால் 180ஆவது நாள் பிப்ரவரி 27. மறுதேர்வும் உள்ளே வந்துவிடும். ஆகஸ்ட் நடுவிலேயே போய் இறங்கினால் அந்த இரண்டு வாரம் கடைசியில் இடிக்கும்.

பணக் கணக்கை 'இப்ரெம்' என்ற அரசுக் குறியீட்டை வைத்துப் போடுகிறார்கள். 2023 முதல் அது மாதம் 600 யூரோ என்று நிற்கிறது, ஆறு மாதத்துக்கு 3,600. அது வங்கிக் கணக்கில் சில மாதமாகவே இருக்கிறது என்று காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மொத்தமாக வந்து விழுந்த தொகை கேள்வியை எழுப்பும். காப்பீட்டில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். பயண ஏஜென்சியில் வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடு இங்கே செல்லாது. மருத்துவரிடம் போகும்போது நம் கையிலிருந்து ஒரு பங்கு கட்டத் தேவையில்லாத, காத்திருப்புக் காலம் இல்லாத, தங்கும் நாள் முழுதையும் மூடுகிற பாலிசி வேண்டும். 'சின் கோபாகோஸ்', 'சின் கரென்சியாஸ்' என்ற இரண்டு தொடர்களும் சான்றிதழில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல்: பெயர். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர். எல்லாப் படிவங்களிலும் 'அபெயீதோ', அதாவது குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயம். நம் மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். கல்லூரி இனிஷியலோடு பரிந்துரைக் கடிதம் அனுப்ப, அதைப் பார்த்து அங்கே அனுமதிக் கடிதம் அடிக்க, விசாவுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டோடு பெயர் ஒட்டாது. திருத்திய கடிதம் வர மூன்று வாரம்கூட ஆகலாம், ஆகஸ்டில் இன்னும் மோசம், அந்த மாதம் ஸ்பெயினில் அலுவலகங்கள் பாதி உறங்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பரிந்துரை, அனுமதி, காப்பீடு, வங்கிக் கடிதம் அனைத்திலும் வரச் செய்யுங்கள். இன்னொன்று, அங்கே பட்டியல்கள் எல்லாம் குடும்பப் பெயரின் அகர வரிசையில்தான். தேர்வு அறை வாசலில் உங்கள் பெயரைத் தேடினால் இருக்காது. அப்பா பெயரில் தேடுங்கள், இருக்கும்.

அடுத்தது பாடத் தேர்வு. செமஸ்டரின் தலையெழுத்தை இதுதான் எழுதுகிறது, ஆனால் பெரும்பாலும் ஒரே மாலையில் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அங்கே கிரெடிட் என்பது ஐரோப்பிய முறையில். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. ஒரு பாடம் பெரும்பாலும் 6 கிரெடிட், முழுச் சுமை செமஸ்டருக்கு 30. மொழி புதிது என்றால் ஐந்து பாடம் எடுக்காதீர்கள். உங்கள் கல்லூரி ஒத்துக்கொண்டால் நான்கு போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கீயா தொசெந்தே' என்ற கையேடு இணையத்தில் இருக்கும். அதில் பாடத் தலைப்புகளைவிட மதிப்பீட்டுப் பகுதியை முதலில் படியுங்கள். தேர்வுக்கு எத்தனை சதவீதம், செய்முறை வகுப்புக்கு எத்தனை, வாய்வழி அளிக்கை உண்டா, வருகைப்பதிவு கட்டாயமா, தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால்தான் மற்றவற்றைக் கூட்டுவார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். தொடர் மதிப்பீடு வேண்டாம், ஒரே இறுதித் தேர்வு போதும் என்றால் வகுப்பு தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கேட்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு என் பரிந்துரை தொடர் மதிப்பீடுதான். ஸ்பானிய மொழியில் மூன்று மணி நேரம் கட்டுரை எழுதுவதைவிட, வாராவாரம் சிறு வேலைகளைச் செய்து பாதி மதிப்பெண்ணை முன்கூட்டியே சேர்த்துவிடுவது எளிது.

பாடங்களை ஒரே புலத்திலிருந்து எடுப்பது நல்லது. பல்கலைக்கழகம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. கலைத் துறைகளும் உளவியலும் பொருளாதாரமும் கர்தூகா குன்றின் மேல். அறிவியல் துறைகள் ஃபுவெந்தேநுவேவாவில். கணினிப் பொறியியல் ஐனதாமாரில். மருத்துவம் தெற்கே சுகாதாரப் பூங்காவில். சட்டமும் மொழிபெயர்ப்பும் ஊர் நடுவில். 2017இல் வந்த மெட்ரோ மருத்துவ வளாகத்துக்குப் போகும், கர்தூகாவுக்குப் போகாது. அங்கே பஸ், இல்லையென்றால் மூச்சு வாங்க ஏற வேண்டும். இரண்டு புலங்களில் பாடம் எடுத்தால் அட்டவணை இடிக்கும், தேர்வு நாளும் மோதும்.

பதிவு முடியும்வரை 'பிராதோ' என்ற இணைய வகுப்பறை உங்களுக்குத் திறக்காது. குறிப்புகள், குழுப் பிரிப்பு, கெடுநாட்கள் எல்லாம் அதற்குள்தான். முதல் வாரமே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிச் சேர்க்கச் சொல்லுங்கள். வகுப்புப் பிரதிநிதி யார் என்று விசாரித்து வாட்ஸ்அப் குழுவில் நுழைந்துவிடுங்கள். குழு வேலைக்கான அணிகள் இரண்டாவது வாரமே சேர்ந்துவிடும். பிந்தினால் மிஞ்சியவர்கள் எல்லாம் ஒரே அணியாவார்கள், ஐந்து நாட்டுக்காரர்கள், யாருக்கும் ஸ்பானியம் சரியாக வராது. முழுநேர ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும். 'துத்தோரியா' என்பது இதன் பெயர். கதவு தட்டிப் போங்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பது அங்கே இயல்பு, மரியாதைக் குறைவு இல்லை.

மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியோடு போனால் பிழைக்கலாம், அதற்குக் கீழே கஷ்டம். ரெயாலெஹோ பகுதியில் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் மையம் இருக்கிறது. செமஸ்டருக்கு முன்னால் தீவிர வகுப்பு எடுக்கலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானியத்தில் ஒரு பெரிய வசதி இருந்தும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் ஆங்கிலம் வழியாகவே கற்கிறோம். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற அமைப்பேதான் 'மே குஸ்தா எல் கஃபே'. ஆங்கிலத்தை நடுவில் நுழைத்ததால்தான் அது புரியாத இலக்கணமாகிறது. 'போகிறேன்' என்றால் 'நான்' தேவையில்லை. 'வோய்' என்பதும் அப்படித்தான். உச்சரிப்பிலும் அப்படியே. ஸ்பானிய 'த' நம் 'த'வேதான், ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' என்று சொல்லாதீர்கள். 'அது' என்னும்போது நம் 'து' எப்படி மெலிகிறதோ, அப்படித்தான் 'லாதோ'வில் வரும் எழுத்தும் மெலியும்.

ஆனால் அந்தலூசியப் பேச்சு தனி ரகம். சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' விழுங்கப்படும். 'மாஸ் ஒ மேனோஸ்' என்பது 'மா ஒ மேனோ' ஆகும். 'கன்சாதோ' என்பது 'கன்சாவோ' ஆகும். பாடப்புத்தக ஒலிப்பதிவு கேட்டுப் பழகிய காதுக்கு முதல் மூன்று வாரம் எதுவுமே பிடிபடாது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கனால் சூர் என்ற அந்தலூசிய அரசு வானொலியைத் தினம் அரை மணி நேரம் கேளுங்கள். புரிய வேண்டும் என்பதில்லை, காது பழகினால் போதும். வீட்டில் ஸ்பானியர்களோடு தங்குவதும் இதற்காகத்தான். வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமே உள்ள வீட்டில் ஆங்கிலமே ஓடும்.

வீட்டுக்கு வருவோம். பத்து நாள் விடுதியில் தங்கி, நேரில் பார்த்தே அறை எடுங்கள். பார்க்காமல் முன்பணம் கேட்கிறவர், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறவர், இருவரையும் விட்டு விலகுங்கள். பகிர்வு வீட்டில் ஓர் அறை 300 யூரோவைச் சுற்றி இருக்கும். முன்வைப்பு ஒரு மாத வாடகை. பெத்ரோ அந்தோனியோ தெ அலர்கோன் தெரு, கமீனோ தெ ரோந்தா ஆகியவற்றைச் சுற்றியுள்ளது மாணவர் பகுதி. குன்றின் மேலுள்ள பழைய குடியிருப்பான அல்பைசீன் கண்ணுக்கு அழகு; கல் பாவிய ஏற்றத்தில் மளிகை தூக்கிப் போகும்போது அழகு தெரியாது.

அறை பார்க்கும்போது குளிரை மனதில் வையுங்கள். அந்தலூசியா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறார்கள். கிரனாடா சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவு பூஜ்யத்தைத் தொடும், வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, பலவற்றில் மைய வெப்பமூட்டல் கிடையாது. உள்முற்றத்தைப் பார்த்த அறை மலிவு, ஆனால் வெயிலே படாது. நடுக்கூடத்தில் வட்ட மேசை, தரைவரை தொங்கும் கனத்த துணி, அதற்கு அடியில் 'பிரசேரோ' என்ற மின்கணப்பு. துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் அங்கே உட்கார்ந்துதான் படிப்பார்கள். எழுந்து போகும்போது அணைக்க மறக்காதீர்கள், துணி தீப்பிடித்து விபத்துகள் நடப்பதுண்டு.

வெந்நீர் பல வீடுகளில் பியூட்டேன் சிலிண்டரில் ஓடும். ஆரஞ்சு நிறம், உள்ளே 12.5 கிலோ வாயு. காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்க வேண்டும். லாரி எந்தக் கிழமை தெருவுக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டு வையுங்கள், பெட்ரோல் பங்குகளிலும் மாற்றலாம். ரப்பர் குழாயின் மேல் காலாவதி ஆண்டு அச்சாகியிருக்கும், அறை பார்க்கும்போதே பாருங்கள். திடீரென்று வெந்நீர் நின்றால் சிலிண்டரைக் குற்றம் சொல்லும் முன் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, ஹீட்டர் மட்டும் எரியவில்லை என்றால் பழைய ஹீட்டர்களின் அடியில் இருக்கும் இரண்டு பெரிய பேட்டரிகள் தீர்ந்திருக்கலாம். பொறி தட்டுவது அவற்றால்தான்.

மின்சாரத்தில் இன்னொரு விஷயம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒப்பந்தத் திறன் என்று ஒரு வரம்பு. சிறு வீடுகளில் 3.45 கிலோவாட் என்பது சாதாரணம். அறை ஹீட்டர் 2, ஓவன் 2 என்று சேர்ந்தாலே தாண்டிவிடும், வீடே இருட்டாகும். ஒரு கருவியை அணைத்து, மெயின் சுவிட்சை இறக்கி, சில விநாடி விட்டு ஏற்றினால் வந்துவிடும். ஐந்து பேர் வீட்டில் யார் எப்போது துணி துவைப்பது என்று பேசி வைத்துக்கொள்வது இதனால்தான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், நேரத்தைப் பற்றித்தான் கவலை. மதிய உணவு இரண்டு மணிக்குமேல், இரவு ஒன்பதுக்குமேல். பல்கலைக்கழக உணவகத்தில் முதல் வகை, இரண்டாம் வகை, பழம் என்று முழுச் சாப்பாடு வெளிக் கடையின் பாதி விலைக்கும் கீழே. சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையும் சூரை மீனும் பலருக்கு இறைச்சிக் கணக்கில் வராது. கலவை சாலட்டில் சூரை இருக்கும், பயறுக் குழம்பில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி இருக்கும், சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் ஹமோன் துருவல் இருக்கும். மூன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். கிரனாடாவில் பானம் வாங்கினால் தாப்பா என்ற சிறு தட்டு உணவு இலவசம்; ஆர்டர் செய்யும் அதே மூச்சில் சைவம் என்று சொல்லிவிட வேண்டும், தட்டு வந்தபின் சொன்னால் வீண். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் இந்த ஊரின் சிறப்பு, அவசியம் சாப்பிடுங்கள்.

சமைக்கிறவர்களுக்கு: உருண்டை அரிசி குழைந்துவிடும், நீள அரிசி எடுங்கள். கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் எல்லாக் கடையிலும் உண்டு. எல்விரா தெருப் பக்கம் மொராக்கோக்காரர் கடைகளில் சீரகம், மல்லி, புதினா கிடைக்கும். ஊரிலிருந்து இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி கொண்டு போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரும் பால், இறைச்சிப் பொருள்களைத் தடுக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். கருவாட்டுக்கு விதி தளர்வு, வாசம் வராமல் கட்டுவது உங்கள் பொறுப்பு. ஆன்டிபயாடிக் மருந்துகள் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

தேர்வு முறையில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கொள்குறித் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது அங்கே பரவலான வழக்கம். நான்கு விடைகள் இருந்தால் பொதுவாக மூன்று தவறு ஒரு சரியைத் தின்றுவிடும். ஒன்றுமே தெரியாதபோது ஊகித்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் ஊகிப்பதே லாபம். மேசையின் மேல் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும். தற்காலிக மதிப்பெண் வெளியானதும் 'ரெவிசியோன்' என்று ஒரு நாள் குறிப்பார்கள். அன்று ஆசிரியர் அறைக்குப் போய் உங்கள் விடைத்தாளை நீங்களே பார்க்கலாம், ஏன் குறைந்தது என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு இதைத் தவறவிடுகிறார்கள். தேர்ச்சிக்கு 5 வேண்டிய இடத்தில் 4.7 வாங்கியவர் கட்டாயம் போக வேண்டும்.

மதிப்பெண் பத்துக்கு. 5 தேர்ச்சி, 7 முதல் 8.9 வரை 'நொதாப்லே', அதாவது நன்று. 9க்கு மேல் மிகச் சிறப்பு. அதற்கும் மேலான கௌரவத்தை வகுப்பில் 5 சதவீதம் பேருக்கு மேல் தரக் கூடாது. அங்கே 7 வாங்குவது நல்ல தேர்ச்சி, ஆனால் நம் பத்துப் புள்ளி முறையில் அப்படியே ஏற்றினால் உங்கள் சி.ஜி.பி.ஏ. சரியும். மாற்று அட்டவணை எது, 6 ஐரோப்பிய கிரெடிட்டுக்கு இங்கே எத்தனை கிரெடிட், அங்கே தோற்ற பாடம் இங்கே அரியராக ஏறுமா என்ற மூன்றையும் கிளம்பும் முன்பே கையெழுத்தோடு வாங்குங்கள். எடுக்கும் பாடங்களைப் பட்டியலிடும் படிப்பு ஒப்பந்தத்தில் அங்கே போய்ப் பாடம் மாற்றினால், அந்த மாற்றத்துக்கும் நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்ற மூன்று தரப்புக் கையெழுத்து வேண்டும்.

கிளம்பும்போது, அறைக்குள் நுழைந்த முதல் நாள் எடுத்த படங்களை வீட்டு உரிமையாளருக்கு அனுப்பி முன்வைப்பைக் கேளுங்கள். திருப்பித் தர ஒரு மாத அவகாசம் சட்டத்தில் உண்டு. வங்கிக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்து ஒப்புதல் செய்தி வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல் எல்லாப் பாடங்களின் 'ஆக்தா' என்ற அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவேடும் மூடிய பிறகே உங்கள் கல்லூரிக்கு வரும், வாரங்கள் ஆகும். அதுவரை உங்கள் மாணவர் கணக்கின் கடவுச்சொல் செல்லுபடியாக இருக்கட்டும், பல்கலைக்கழக மின்னஞ்சலை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.